அனுமதிப் பட்டியலில் ஒரே ஒரு ஆள்

அன்புள்ள அப்பு,

உற்றார் உறவினர், ஊர்ப் பெரியவர்கள், முக்கியமாகப் பெங்களூரில் பதினோராவது மாடியில் உட்கார்ந்துகொண்டு அப்பனுக்கு ஒன்றும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருக்கும் ஏகபுத்திரன் ஆகிய அனைவரின் மேலான கவனத்துக்கும் கொண்டுவரப்படும் செய்தி யாதெனில்: கடந்த புதன்கிழமை மாலை ஏழு மணி முப்பது நிமிடத்துக்கு, திண்டுக்கல் மாநகரில், நம் வீட்டு முன்னறையில், டிவி ஸ்டாண்டின் மேல்தட்டில், நம்முடைய வைஃபை ஆறாம் சேனலிலிருந்து பதினோராம் சேனலுக்குச் சுபமாகக் குடிபெயர்ந்தது. பால் காய்ச்சவில்லை. ஆரத்தி எடுக்கச் சொன்னதற்கு உன் அம்மா முறைத்தாள். மற்றபடி விழா இனிதே நடந்தது. தெருவில் எல்லா வீட்டு வைஃபை டப்பாவும் ஆறாம் சேனலிலேயே மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்கிறதாம், சித்திரைத் திருவிழா அன்று மதுரை வண்டிகள் நிற்கிற மாதிரி. ஒதுங்கி நிற்க ஓர் இடம் பார்த்தவன் உன் அப்பன். நெற்றியில் திருநீறு பூசி வாழ்த்த வேண்டிய காரியம்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ இரண்டு சமாச்சாரம் சொன்னாய். முதலாவது, "அப்பா, கல்யாணத்துக்கு முன்னாடி பதினஞ்சு நாள் நான் அங்கருந்துதான் வேலை பாக்கணும். நெட்டு நிக்காம ஓடணும். வாரத்துக்கு ஒருக்கா அந்த டப்பாவை அணைச்சுப் போடுங்க, போதும். அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் பக்கம் மட்டும் போயிராதீங்க." நான் இதுவரை அட்வான்ஸ் கொடுத்தது மண்டபத்துக்கும் சமையல்காரருக்கும்தான், செட்டிங்ஸுக்குமா அட்வான்ஸ் என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை. இரண்டாவதாக, குரலைக் கொஞ்சம் இறக்கி, "பெரியப்பா வந்து முன்னால நின்னாத்தான்ப்பா நான் மேடை ஏறுவேன். நீங்க போய்க் கூப்பிடணும். அம்மா போனா ஆகாது" என்றாய். அதற்கு நான் சிரிக்கவில்லை. வண்டி கிளம்பிருச்சு, பிறகு பேசுறேன் என்று போனை வைத்தேன். அன்றைக்கு எனக்கு டூட்டியே இல்லை என்பது உனக்கும் தெரியும். முப்பது வருஷமாக பஸ்ஸில் கண்டக்டராக இருப்பவன் பேச்சை முடிக்க வேறு எதைத்தான் சொல்வான்?

உன் பெரியப்பா வீடு எங்கேயோ இருந்தால் கூட வேறு விஷயம். ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கி, அந்தப் பக்கம் என் அண்ணன், இந்தப் பக்கம் நாம். நம் வாசலிலிருந்து அவர் வாசலுக்குப் பதினோரு எட்டு. எண்ணியிருக்கிறேன். ஆறு வருஷமாக அந்தப் பதினோரு எட்டை நானும் வைக்கவில்லை, அவரும் வைக்கவில்லை. காரணம் உனக்குத் தெரியும் என்றாலும் நீ அன்றைக்குப் பரீட்சைக்குப் போயிருந்ததால் முழுதாகத் தெரியாது. அதையும் இதில் எழுதத்தான் போகிறேன். அதற்கு முன்னால் டப்பா.

போகாதே என்று சொன்ன இடத்துக்குப் போகாமல் இருந்தால் நான் உன் அப்பன் இல்லை. திங்கட்கிழமை எனக்கு ஓய்வு. டப்பாவின் முதுகில் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்து, புள்ளிக்குப் புள்ளி போனில் அடித்தேன். நீ துண்டுச் சீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போன பாஸ்வேர்டைப் போட்டேன். கதவு திறந்தது. முதலில் மிரட்டத்தான் செய்தது. செத்த நேரம் உற்றுப் பார்த்தபோது எல்லாம் நம் தொழிலாகவே தெரிந்தது. ரவுட்டர் என்கிறீர்கள், ரூட்டு எங்களுடையது. வீட்டுக்குள் ஏறுகிற ஒவ்வொரு போனுக்கும் அது ஒரு சீட் நம்பர் கொடுக்கிறது. இறங்கி மறுபடி ஏறினால் வேறு சீட் கிடைத்தாலும் கிடைக்கும். அப்படி ஆகக்கூடாது என்றால் இன்னாருக்கு இன்ன சீட் என்று எழுதிவைக்க ஒரு பக்கம் இருக்கிறது. அதற்கு ஏதோ நீளமாகப் பேர் வைத்திருக்கிறார்கள். ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பது என்று வைத்திருந்தால் நம் ஜனத்துக்கு உடனே விளங்கியிருக்கும். அப்புறம் அதே வைஃபையில் இரண்டு வகை. ஒன்று பாயிண்ட் டு பாயிண்ட் மாதிரி, வேகம், ஆனால் சுவர் வந்தால் நின்றுவிடும். இன்னொன்று டவுன் பஸ். ஊர்ந்துதான் போகும், ஆனால் சுவரைத் தாண்டும். இதையெல்லாம் யாரிடமும் கேட்காமல் நானே கண்டுபிடித்தேன் என்பதைக் குறித்துக்கொள்.

அடுத்ததாக, உள்ளே யார் யார் ஏறியிருக்கிறார்கள் என்ற பட்டியல். கண்டக்டருக்குத் தலை எண்ணுவது மூச்சு விடுகிற மாதிரி. என் போன், உன் அம்மா போன், டிவி, நீ விட்டுவிட்டுப் போன பழைய லேப்டாப். நாலு. திரையில் ஐந்து. ஐந்தாவதற்குப் பேரே இல்லை, வெறும் எழுத்தும் எண்ணுமாக ஒரு கோவை. எனக்கு ரத்தம் சூடேறிவிட்டது. வித்தவுட்! என் வண்டியிலேயே டிக்கெட் இல்லாமல் ஒருத்தன்! பக்கத்திலேயே தடுப்புப் பட்டியல் என்று ஒன்று இருந்தது. அந்தக் கோவையை அதில் தள்ளி, சேமி என்பதை அமுக்கினேன். உன் அம்மாவைக் கூப்பிட்டு, "எவனோ நம்ம நெட்டைத் திருடிக்கிட்டு இருந்தான், நடுரோட்டுல இறக்கி விட்டுட்டேன்" என்றேன். அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தவள், கை நின்றது. அந்தக் கை நின்றதை நான் கவனித்திருக்க வேண்டும்.

அன்று மாலை ஏழு மணிக்குத்தான் வீட்டில் என்னவோ குறைகிற மாதிரி இருந்தது. இந்த ஆறு வருஷமாக அண்ணனை நான் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் பார்த்ததுதான் அதிகம். காலையில் வாளி வைக்கிற சத்தம். வரிசையாக மூன்று தும்மல், நாலாவது எப்போதும் வராது. மாலை ஏழு மணிக்குப் பழைய சினிமாப் பாட்டு, எல்லாம் நாங்கள் சிறுவயதில் டீக்கடை ரேடியோவில் கேட்டவை. பாட்டில் அவரும் சேர்ந்து பாடுவார். பேசினால்தான் அவருக்கு வார்த்தை நிற்கும், பாடினால் தண்ணீராக ஓடும். டூட்டி இல்லாத நாளில் அந்த நேரத்துக்கு நான் சுவர் ஓரமாகப் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருப்பேன். உன் அம்மா கேட்டால் அங்கேதான் காற்று வருகிறது என்பேன். திங்கட்கிழமை பாட்டு இல்லை. செவ்வாய்க்கிழமை டூட்டி முடித்து வத்தலக்குண்டிலிருந்து வந்து கேட்டேன், "அந்தப் பக்கம் ஊருக்குப் போயிட்டாங்களா, சத்தமே காணோம்?"

"எங்கயும் போகல. நீங்கதான் நடுரோட்டுல இறக்கி விட்டீங்களே" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவள் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "அந்தப் பேரில்லாதது அவங்க போனு. பய வேலைக்குப் போறதுக்கு முன்னாடி அவங்களுக்கு நம்ம நெட்டைப் போட்டுக் குடுத்துட்டுத்தான் போனான். அப்பாட்ட சொல்லாதம்மான்னான். அவரு போன்ல பேசறதுக்கு மட்டுந்தான் காசு போடுவாரு, நெட்டு கிடையாது. அந்தப் பாட்டு அம்புட்டும் நம்ம வீட்டுலருந்து போனது."

"இத நேத்தே சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க? அறுத்திருப்பீங்க. இப்பத் தெரியாம அறுத்தீங்க. ஆனா அவரு என்ன நினைப்பாரு? இத்தன நாள் இருந்தது, கல்யாண நேரம் பாத்து நிக்குது. தெரிஞ்சே அறுத்து விட்டான்னுதான நினைப்பாரு? இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போய்ப் பத்திரிகை வைப்பீங்க?"

தட்டில் சோறும் வெஞ்சனமும் ஆறிக்கொண்டிருந்தன. உன் இரண்டு சமாச்சாரமும் ஒரே சமாச்சாரமாகிவிட்டது அப்பு. நான் கையை வைத்தது டப்பாவில், அறுந்தது உன் மேடை.

இங்கே கொஞ்சம் பின்னால் போகிறேன். எனக்குப் பதினாறு வயதில் இந்த ஊரில் என்னைவிடச் சேட்டைக்காரன் கிடையாது. பஸ் ஸ்டாண்ட் கரும்பலகையில் நத்தம் வண்டி நேரத்தை மாற்றி எழுதுவேன். ஓடுகிற வண்டியில் "பழுது" என்று தாள் ஒட்டிவிட்டு, ஜனங்கள் இறங்குவதைப் பார்ப்பேன். யார் குரலையும் ஒரு தரம் கேட்டால் போதும், அப்படியே எடுப்பேன். ஹெட்மாஸ்டர், காய்கறிக்காரம்மா, லாட்டரிக்காரர். எல்லாவற்றிலும் எனக்கு அதிகக் கைதட்டல் வாங்கித் தந்தது என் அண்ணன் குரல். அவருக்குச் சில எழுத்துகள் வாயில் நிற்கும். எந்த எழுத்து எத்தனை நேரம் நிற்கும் என்று அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அதை எடுத்துக் காட்டினால் பள்ளிக்கூடமே உருளும்.

அப்போது அவருக்கு இருபத்திரண்டு. டெலிபோன் ஆபீஸில் லைன்மேன் வேலை கிடைத்துச் சாணார்பட்டியில் போட்டிருந்தார்கள். ஒரு நாள் நானும் கூடப் போனேன். டிக்கெட் எடுக்கும்போது அவர் "கோபால்பட்டி ரெண்டு, பாதி இல்ல, ரெண்டும் முழுசு" என்றார். கோபால்பட்டி அதற்கும் அடுத்த ஊர். ஏன் தள்ளி எடுக்கிறார் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். சாணார்பட்டி வந்ததும் இறங்க எழுந்தார். அப்போதுதான் பிடிபட்டது. 'சா' அவருக்கு வராது. அந்த ஒரு எழுத்துக்காகத் தினமும் தூரத்து ஊருக்கு டிக்கெட் வாங்குகிறார். நான் படிக்கட்டில் நின்று வண்டிக்கே கேட்கிற மாதிரி, "கண்டக்டரண்ணே, இவரு இந்த ஊருதான், பேரு வாய்ல நுழையாமத்தான் அந்த ஊருக்கு வாங்குறாரு!" என்று கத்தி, அவர் குரலில் 'சா'வையும் செய்து காட்டினேன். வண்டி சிரித்தது. அண்ணன் கீழே இறங்கி நின்றார். நான் இறங்கியதும் கூடைக்காரியிடம் ஆயக்குடிக் கொய்யா இரண்டு வாங்கி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவச் சொல்லி, இரண்டையும் என் கையில் கொடுத்தார். திட்டியிருந்தால் எனக்கு அது ஞாபகமே இருந்திருக்காது.

பிற்காலத்தில் நானே அந்த ரூட்டில் கண்டக்டரானேன். அண்ணன் ஏறினால் வாயைத் திறக்கவே விடமாட்டேன். அவர் உட்காருவதற்குள் சாணார்பட்டி டிக்கெட் அவர் கையில் இருக்கும். வேறு எவன் டூட்டியிலும் இதையே செய்யும்படி டெப்போவில் சொல்லி வைத்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் சத்தம் போடாமல் செய்த ஒரே நல்ல காரியம் அது. அதோடு கணக்கு நேராகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் மகள், உன் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். பெண்ணுக்கு அப்பா எழுந்து லக்னப் பத்திரிகையை வாசிக்க வேண்டும், அதுதான் நம் வழக்கம். நீங்க சிரமப்பட வேண்டாம், ஐயர் வாசிக்கட்டும் என்று எத்தனை பேரோ சொன்னார்கள். என் மகளுக்கு நான்தான் வாசிப்பேன் என்றார். மண்டபம் நிறைய ஆட்கள். மைக்கைப் பிடித்தார். முதல் வரி நன்றாகப் போனது. இரண்டாவது வரியில் மாப்பிள்ளையின் பெயர். நின்றது. இரண்டு நிமிடம் இருக்காது அப்பு, ஒரு நிமிடம்கூட இருக்காது, எனக்குத்தான் தாங்கவில்லை. உதவி செய்யத்தான் எழுந்தேன். அதை நம்பு. மைக்கை வாங்கினேன். முந்நூறு முகம் என்னைப் பார்த்தது. பதினாறு வயதுப் பயல் எனக்குள்ளிருந்து எழுந்துவிட்டான். அந்தப் பெயரை அவர் குரலிலேயே, அவர் நிறுத்திய இடத்திலெல்லாம் நிறுத்தி, வாசித்து முடித்தேன். மண்டபம் வெடித்துச் சிரித்தது. சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள். மாப்பிள்ளை சிரித்தான். நானும் சிரித்தேன். அண்ணன் பத்திரிகையை மடித்து மகள் கையில் கொடுத்துவிட்டு, பந்தியில் கடைசி ஆள் சாப்பிடும் வரை நின்று கவனித்துவிட்டு, என்னிடம் மட்டும் பேச்சை நிறுத்திக்கொண்டார். ஒரு மாதம் கழித்து அண்ணி உன் அம்மாவிடம் சொன்னாளாம்: "ஒரு வாரமாக் கதவச் சாத்திக்கிட்டுக் கண்ணாடி முன்னால நின்னு படிச்சாரு. அந்தப் பேரு நல்லா வந்துருச்சு. செத்த நேரம் விட்டிருந்தா அங்கயும் வந்திருக்கும்."

நீ குடும்பம் நடத்தப் போகிறாய். உனக்கும் என் வாய் கொஞ்சம் வந்திருக்கிறது, அதனால் சொல்கிறேன். ஒரு வேடிக்கைக்கு எல்லோரும் சிரிக்கும்போது, சிரிக்காமல் இருக்கிற ஒருத்தர் யார் என்று தேடிப் பார். வண்டி நிறையத் தலை எண்ணத் தெரிந்த நான் அந்த ஒரு தலையை எண்ணாமல் விட்டேன். வீட்டில் உன் பெண்டாட்டி ஒரு வார்த்தைக்காக நின்றால் நீ எடுத்துக் கொடுக்காதே. நிற்கட்டும். நீயும் நில். புதிதாக யாராவது உன் வாழ்க்கைக்குள் பேரில்லாமல் தெரிந்தால், யார் என்று கேட்டுவிட்டு அப்புறம் தடுக்கலாமா என்று யோசி.

இனி புதன்கிழமை. ஓய்வு நாள். சாயங்காலம் காப்பி குடித்துவிட்டுத் தடுப்புப் பட்டியலைத் திறந்தேன். உள்ளே ஒரே ஒரு ஆள், அந்தக் கோவை. அதை அழித்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் எனக்கு அது போதவில்லை. பெரிய மனுஷனை நடுரோட்டில் இறக்கிவிட்டு, சரி ஏறிக்கோ என்றால் மரியாதையா? பெயர் எழுதும் கட்டத்தில் அந்தக் கோவையை எடுத்துவிட்டு "அண்ணன்" என்று அடித்தேன். அப்புறம் பட்டியலின் தலைமாட்டில் ஒரு பொத்தான் இருந்தது. இந்தப் பக்கம் தள்ளினால் "தடு", அந்தப் பக்கம் தள்ளினால் "அனுமதி". தடுத்தவரை அனுமதிக்கிறேன் என்று கௌரவமாக அந்தப் பக்கம் தள்ளிச் சேமித்தேன்.

டிவி நின்றது. என் போனில் வைஃபை அடையாளம் போயே போய்விட்டது. அடுப்படியிலிருந்து, "என்னத்த செஞ்சீங்க?" என்று சத்தம். மறுபடி உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றால் போனை டப்பா சேர்க்க மாட்டேன் என்கிறது. பழைய லேப்டாப்பையும் சேர்க்கவில்லை. உனக்கு இதற்குள் விளங்கியிருக்கும், எனக்கு அரைமணி ஆனது. அனுமதி என்றால் பட்டியலில் இருப்பவர்களுக்கும் அனுமதி என்று நான் நினைத்தேன். பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டுமே அனுமதி என்று டப்பா நினைத்தது. என் வீட்டு வாசலில் என்னையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டேன். சாவி உலகத்தில் ஒரே ஒரு போனில்தான் இருந்தது, அது சுவருக்கு அந்தப் பக்கம். உன்னைக் கூப்பிட்டேன், மீட்டிங்கில் இருக்கிறேன் என்று குறுஞ்செய்தி வந்தது. பின்னால் இருக்கிற பொடித் துளையில் ஹேர்பின்னை விட்டு எல்லாவற்றையும் அழித்துவிடலாமா என்றால், கனெக்‌ஷன் கொடுத்த பையன் வந்து அவனுடைய எண்களை மறுபடி போட வேண்டும், அவன் நாலு நாள் கழித்துத்தான் ஊரிலிருந்து வருவான். சரியாக ஏழு மணி. சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டுக் கேட்டது.

உன் அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஆறு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "போங்க. போய் அவர் போனை வாங்கிட்டு வாங்க. இல்லேன்னா பய வர்ற வரைக்கும் நம்ம நெட்டுல அவங்க பாட்டுக் கேக்கட்டும், நம்ம சுவத்துல காத வச்சுக் கேட்டுக்கலாம்."

போனேன். பதினோரு எட்டு. வாசலில் அண்ணி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "வாங்க கொழுந்தனாரே, வழி தப்பி வந்துட்டீகளா?" என்றாள். "இல்ல மதினி, வண்டிய இந்தப் பக்கம் திருப்பி விட்டுட்டாக" என்றேன். உள்ளே அண்ணன் சாய்வு நாற்காலியில் இருந்தார். பாட்டை நிறுத்தினார். நான் நேராகப் போய் எதிரில் நின்று, "அண்ணே, அன்னைக்கு மண்டபத்துல நான் செஞ்சது தப்பு. மன்னிச்சிருங்க. பய கல்யாணத்துக்கு நீங்கதான் முன்னால நிக்கணும்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். போனை வாங்கிக்கொண்டு வந்து ஐந்தே நிமிடத்தில் பட்டியலைச் சரிசெய்து, சேனலையும் மாற்றி, டிவிக்குத் துண்டு போட்டு இடம் பிடித்து, எல்லாவற்றையும் ஓட விட்டேன். ஆகவே நீ சொன்ன இரண்டு சமாச்சாரமும் முடிந்தன.

இதுவரை எழுதியதை உன் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். மண்டபத்தைப் பற்றி எழுதிய இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கடைசிப் பத்திக்கு வந்ததும் தாளை என் மடியில் போட்டாள். "மன்னிப்புக் கேட்டீகளோ? எப்ப? நான் குளிக்கப் போனப்பவா? புள்ளைக்கு எழுதறதுலயுமா புளுகு? முழுசையும் எழுதுங்க" என்றாள்.

சரி. முழுசும் இதுதான். அண்ணியிடம் வண்டி, வழி என்று பேசியது வரை உண்மை. அண்ணன் எதிரில் போய் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். எதைப் பேசலாம் என்று வாயைத் திறந்தேன். வந்தது, "அண்ணே, ஒங்க வீட்ல கரெண்டு இருக்கா?" தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தார். அதற்குள் சுவருக்கு மேலாக உன் அம்மா குரல்: "அத்தான், இவரு எல்லாரையும் வெளிய தள்ளிட்டாரு, ஒங்க போனு மட்டும்தான் உள்ள இருக்கு. செத்த வந்து பாருங்க." அண்ணன் எழுந்தார். மூக்குக்கண்ணாடியையும் போனையும் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

அவர் பேசியதை இங்கே எழுதும்போது நின்ற இடங்களை எழுத மாட்டேன். சொல்லி முடித்ததை மட்டும் எழுதுகிறேன். அந்த வேலையை நான் விட்டுவிட்டேன்.

நம் முன்னறையில் உட்கார்ந்தார். ஆறு வருஷம் கழித்து. நான் டப்பாவைத் திருப்பி முதுகில் இருந்த நம்பரைப் படித்துக் காட்டினேன், டார்ச்சைப் பிடித்தேன், நான் செய்தது அவ்வளவுதான். முப்பத்தைந்து வருஷம் இந்த மாவட்டத்துக் கம்பியெல்லாம் அவர் கையில் ஓடியது, இது எம்மாத்திரம். பட்டியலைத் திறந்தார். அனுமதிக்கப்பட்டவர்கள் என்று தலைப்பு. அதன் கீழே "அண்ணன்" என்று ஒரே பெயர். வேறு யாரும் இல்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். "இதத் தெரிஞ்சா செஞ்ச?" என்று கேட்டார். என் புத்திசாலித்தனம் என்று சொல்லிக்கொள்ள அருமையான சந்தர்ப்பம். "பேரு தெரிஞ்சு போட்டேன். மத்தது தெரியாம" என்றேன். பொத்தானைத் திருப்பினார். பட்டியலிலிருந்து பெயரை எடுத்தார். சேனலை மாற்றியதும் அவர்தான். டிவிக்கு இடம் பிடித்ததும் அவர்தான். சேனல், துண்டு, டவுன் பஸ் என்று நான் மேலே அளந்ததெல்லாம் அவர் அன்றைக்கு உன் அம்மாவுக்கு விளக்கியபோது நான் பக்கத்தில் நின்று கேட்டது. கடைசியாக டப்பாவின் பாஸ்வேர்டையும் மாற்றினார். என்னவென்று கேட்டேன். "உனக்கு எதுக்கு? மறுபடி உள்ள போவ" என்றார். உன் அம்மா கொடுத்த காப்பியைக் குடித்தார். டம்ளரைக் கீழே வைக்கும்வரை நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வாசலில் செருப்பைப் போடும்போது சொன்னார்: "பய கல்யாணத்துக்கு வருவேன். முன்னால நிப்பேன். அது அவனுக்காக, நீ கூப்பிட வேண்டியதில்ல. நமக்குள்ள உள்ளது வேற. அத நீ வந்து சொன்னாக் கேட்டுக்கறேன். எம்புட்டு நேரம் ஆனாலும் இருந்து கேக்குறேன்." சொல்லி முடிக்க அவருக்கும் நேரமானது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

அது புதன்கிழமை. வியாழன் எனக்கு டூட்டி. வெள்ளி ஓய்வு, வெண்டைக்காய் வாங்க மார்க்கெட்டுக்குப் போய்விட்டேன், வீட்டில் வெண்டைக்காய் இருந்தது. சனி டூட்டி. இன்று ஞாயிறு. காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பத்திரிகையும் வெற்றிலை பாக்கும் தட்டில் வைத்துக்கொண்டு ஏழாவது எட்டு வரை போனேன். அந்தப் பக்கம் மூன்று தும்மல் கேட்டது. திரும்பி வந்து, மகனுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று உன் அம்மாவிடம் சொல்லி, பேனாவைத் தேடி எடுத்து உட்கார்ந்தவன்தான், இப்போது மணி பன்னிரண்டு. இவ்வளவு நீளமாக எழுதியதெல்லாம் அங்கே போகாமல் இருக்கத்தான் அப்பு.

இப்படிக்கு,
வாய் இருந்தும் வக்கில்லாத
உன் அப்பன்